‘லோ சுகர்’: வீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மாதப் பால் கணக்கைப் பேனா எடுக்காமலே சொல்லிவிடுவார். சர்க்கரை இறங்கிய நாளில் அதே கணக்கை விட்ட இடத்திலிருந்தே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பார். “ஒரு தடவ சுகர் பாத்துடலாங்க” என்றால், “எனக்கு ஒண்ணுமில்ல, உன் வேலையப் பாரு” என்று சீறுவார். எனக்கு அடையாளமே அந்தச் சீற்றம்தான். விரலைக் குத்தினால் 48 காட்டும். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, தெளிந்தபிறகு கேட்டால், சண்டை போட்டதே நினைவிருக்காது.

இன்சுலின் தொடங்கிய காலத்தில் இப்படி இல்லை. 65-ஐத் தொட்டாலே கை நடுங்கும், பனியன் நனையும். அவரே அடுக்களைக்கு வந்து சர்க்கரை டப்பாவைத் தேடுவார். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் ஓர் எச்சரிக்கை மணி. மூளை தடுமாறும் முன்பே ஆளை உஷார்ப்படுத்தத்தான் உடம்பு அதை அடிக்கிறது. அடிக்கடி தாழ்ந்துபோனால் உடம்பு அதற்குப் பழகிப்போய், 60-க்கு அடித்த மணி 45-க்குத்தான் அடிக்கும். சிலருக்கு அடிப்பதே இல்லை. அதற்குள் மூளை தடுமாறத் தொடங்கிவிடும். தடுமாறுகிற மூளையிடமே ‘தடுமாறுகிறாயா?’ என்று கேட்டு என்ன பயன்? ஒருமுறை வரும் தாழ்வே அடுத்த தாழ்வின் அறிகுறிகளை மழுக்கிவிடுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் பிலிப் க்ரையர் 1990-களிலேயே விளக்கிவிட்டார். டைப் 1 உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த நிலை. என் கணவரைப்போல டைப் 2-க்காகப் பல வருடம் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் வரும்.

இத்தனைக்கும் அவர் ‘நல்ல பேஷன்ட்’. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.1 வந்தபோது கிளினிக்கில் மற்றவர்களிடம் காட்டிப் பாராட்டினார்கள். 220-ம் 45-ம் மாறி மாறி வந்தாலும் சராசரி அழகாகத்தான் நிற்கும். கணக்கருக்கு அது தெரியாதா என்ன? இருந்தாலும் பாராட்டு யாருக்குக் கசக்கும்! அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வு 1993-ல் வெளியானது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்கும் என்று அது காட்டியதை எல்லாரும் சொல்கிறார்கள். அதே ஆய்வில், இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. அதை எனக்கு எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

மருத்துவர்களிடம் என் கோரிக்கை சின்னது. “சர்க்கரை இறங்கும்போது உங்களுக்குத் தெரிகிறதா?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். எடின்பரோ மருத்துவர்கள் 1994-லேயே இந்த ஒற்றைக் கேள்வியை 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டுக் கேட்டார்கள். ‘எப்போதும் தெரியும்’ என்றால் 1, ‘தெரியவே தெரியாது’ என்றால் 7; நான்கோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய ஆள். ஒரு நிமிட வேலை. கூடவே, பக்கத்தில் நிற்பவரிடமும் கேளுங்கள். நம் கிளினிக்குகளில் “ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க” என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போகிறவர் “ஒண்ணும் பிரச்சினை இல்ல டாக்டர்” என்பார். பொய்யில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேட்டால் வழி இருக்கிறது. சில வாரங்களாவது தாழ்சர்க்கரையே வராமல் பார்த்துக்கொண்டால் அறிகுறிகள் பலருக்கும் ஓரளவு திரும்புகின்றன. பிறகு நாங்கள் போன மருத்துவர் இரவு இன்சுலினைக் குறைத்தார். எச்பிஏ1சி 7.4-க்கு ஏறியது. “என்ன, சுகரைக் கோட்டை விட்டுட்டீங்களா?” என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள். ஆனால் ஒருநாள் இரவு அவரே எழுந்து, “வேர்க்குதுடி, மிஷினை எடு” என்றார். 62. அந்த வியர்வையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறது, இறங்கினால் அலறும். இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும், விலை ஆயிரங்களில். ஓய்வூதியத்தில் ஓடும் வீட்டுக்கு அது எட்டாது. ஆகவே பக்கத்தில் படுத்திருப்பவர்தான் காவல். அவருக்குச் சிலதாவது சொல்லிக்கொடுங்கள். பேச்சு குழறினால் பக்கவாதமோ என்று பதறும்போதே சர்க்கரையையும் குத்திப் பார்க்க வேண்டும். நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரத்தில் மறு சோதனை. லட்டு வேண்டாம், நெய் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை எனக்குச் சொன்னது எந்தக் கிளினிக்கும் இல்லை. 108 வண்டியில் வந்த ஒரு பையன், டிரிப் ஏற்றிக்கொண்டே சொன்னான்.