தரைதட்டிய கணிப்பொறியும் தப்பிய சரக்கும்

மரக்கலம் மணலில் தரைதட்டி நின்றுவிட்டால், அறிவுடைய மாலுமி முதலில் சரக்கை இறக்கிக் கரைசேர்ப்பான். உடைந்த பலகையைச் செப்பனிடுவது அதன் பிறகே. கடல் வாணிகத்தால் பெயர்பெற்ற காயல்பட்டினத்தார்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் கணிப்பொறி என்று வரும்போது நாம் இதனை அடியோடு மறந்துவிடுகின்றோம். கலத்தைச் செப்பனிடும் ஆர்வத்தில் சரக்கைக் கடலில் கொட்டுகின்றோம்.

2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையினும் மிகுதியான நீர் ஒரு பகலும் ஓர் இரவுமாக வந்து இறங்கிற்று. அவ்வெள்ளம் வடிந்த பின்னர், நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். மேசைமீது இருந்தமையால் அங்கிருந்த கணிப்பொறி நனையவில்லை. மின்சாரம் வந்து வந்து போனதில் பழுதுற்றது. பொத்தானை அழுத்தினால் கருந்திரையில் இரண்டு வரி ஆங்கிலம் தோன்றும், அதற்குமேல் அசைவில்லை. பழுது பார்ப்பவர் அதனை 'ஃபார்மட்' செய்து மறுநாளே திருப்பித் தந்தார். பொறி புதிது போல் ஓடியது. ஆனால் மர்ஹூம் வாப்பா வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய ஒலிப்பதிவுகளும், அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த குடும்ப வரலாறும், மூத்த மகளின் நிக்காஹ் படங்களும் போயின. கடைக்காரரைக் குறை கூறுவது எளிது. "உள்ளே இருப்பது வேண்டுமா?" என்று அவர் கேட்கவில்லை என்பது உண்மை. "வேண்டும்" என்று வீட்டாரும் சொல்லவில்லை என்பதும் உண்மையே.

கணிப்பொறி எழவில்லை என்பது வேறு, கோப்புகள் அழிந்தன என்பது வேறு. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் விழித்து, தொடக்க நிரலை வன்தட்டில் தேடிப்பிடித்து, அதன் வழியே விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை எழுப்புகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பொறி நின்றுவிடும். நம் கடிதங்களும் படங்களும் அதே வன்தட்டின் வேறு பகுதியில் பெரும்பாலும் பழுதின்றியே கிடக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. விமானங்கள் புறப்படவில்லை, மருத்துவமனைகள் தடுமாறின. பிழையுற்ற அந்த ஒரு கோப்பை நீக்கியதும் பொறிகள் எழுந்தன. அவற்றையெல்லாம் 'ஃபார்மட்' செய்யலாம் என்று எவரேனும் கூறியிருந்தால் உலகம் நகைத்திருக்கும். நம் வீட்டுப் பொறிக்கு மட்டும் அதுவே முதல் மருந்தாகிவிட்டது!

சரக்கை இறக்கும் வழி அரியதன்று. உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் தளமொன்றை வேறொரு கணிப்பொறியின் உதவியால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழுதுற்ற பொறியை எழுப்பலாம். வன்தட்டில் நிறுவாமல் 'முயன்று பார்' என்பதைத் தெரிவு செய்தால், பழைய கோப்புகள் திரையில் தோன்றும். வேறொரு வெளித்தட்டில் படியெடுத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிடில் வன்தட்டைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி இணைப்பியின் துணையால் மற்றொரு கணிப்பொறியில் பொருத்திப் பார்க்கலாம். இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலே தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பதுண்டு. அதனைத் திறக்கும் 48 இலக்கச் சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பொறி நலமாக இருக்கும் நாளிலேயே அதனை ஒரு தாளில் எழுதி வைப்பது நன்று.

வன்தட்டு 'டிக் டிக்' என்று ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும். நீரில் மூழ்கிய தட்டுக்கோ மின்சாரமும் கூடாது, வெயிலும் கூடாது. உப்பும் சேறும் உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டால் வல்லுநராலும் மீட்பது கடினம். ஈரத்தோடு உறையிலிட்டு அவரிடம் சேர்ப்பதே முறை. தவறி அழித்தவற்றுக்கும் ஓரளவு வழியுண்டு. அழிக்கும்போது பெரும்பாலும் முகவரிதான் நீங்குகிறது, வீடு இடிவதில்லை. மேலே புதிது எழுதப்படுவதற்குள் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்னும் இலவச நிரல்களால் பலவற்றை மீட்கலாம். இன்றைய எஸ்எஸ்டி தட்டுகளில் அழித்த இடம் தானே விரைந்து துடைக்கப்படுவதால் அந்த நம்பிக்கை குறைவு.

இவற்றை நம் மாணவியர் ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வீட்டுப் பெண்களின் படங்களை அயலார் பார்ப்பதை விரும்பாத ஊர் நம்முடையது. அப்படங்கள் அனைத்தும் அடங்கிய பெட்டியை, கடவுச்சொல்லையும் சீட்டில் எழுதி ஒட்டி, முகமறியாத கடையில் மூன்று நாள் விட்டுவருகின்றோம். பழுது பார்ப்பவர் நல்லவராகவே இருக்கலாம்; பெரும்பாலோர் நல்லவரே. ஆயினும் அமானிதத்தை ஒப்படைப்பவர்க்கும் கடமையுண்டு. வீட்டில் ஒரு பெண் கோப்புகளைப் படியெடுத்துவிட்டால், வெறுந்தட்டோடு பொறியைக் கடைக்கு அனுப்பலாம்.

மீட்ட பின்பும் ஒரு தடை எஞ்சும். தமிழ்த்துறையினர் ஆதலின் நம்மை உறுத்துவது அதுவே. 1990களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறையைக் கொண்டிருந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியாக டாம், டாப் என்னும் குறிமுறைகள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பும் இடையிலும் எழுதப்பட்டவை எத்தனை குறிமுறைகளில் சிதறிக் கிடக்கின்றனவோ! அரபுத்தமிழ் ஏட்டை நினைத்துப் பாருங்கள். அரபெழுத்தில் புள்ளிகளைக் கூட்டித் தமிழோசைகளைக் குறித்த அம்முறையை அறியாதவர், அரபி கற்றிருந்தாலும் அதனைப் படிக்க இயலாது. ஏடு கையில் உண்டு, வாசகம் வாயில் இல்லை. காசிம் புலவர் திருப்புகழ் பாடிய ஊரில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னைய மலரின் கட்டுரை அந்த நிலையை அடைவது வெட்கமன்றோ?

எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றி நிரல்கள் நொடியில் யூனிகோடாக்கித் தரும். ஆகவே பழைய மலர்களுக்கு அச்சுக்கோத்தவர்களையும், இல்லத்து அலமாரிகளில் 1.44 மெகாபைட் நெகிழ்தட்டுகளை வைத்திருப்பவர்களையும் நம் துறை இவ்வாண்டே நாடிச் செல்ல வேண்டும். செல்லும்போது ஒரு குறிப்பேடு கையில் இருக்கட்டும். ஆண்டு, பயன்படுத்திய மென்பொருள், எழுத்துரு ஆகிய மூன்றையும், தட்டச்சு செய்தவர் நினைவில் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.