புகையும் போகட்டும், பிடித்தமும் போகட்டும்!

“பேட்டரி ரம்பம் விளையாட்டுச் சாமான், தோட்டத்து மரத்துக்கு அது தாங்காது” என்கிறது ஒரு கூட்டம். “பேட்டரி ரம்பம் வந்துவிட்டது, இனி மரம் அறுப்பவனுக்குக் குறை ஏது?” என்கிறது இன்னொரு கூட்டம். முதற்கூட்டம் குத்தகைக்காரர்களுடையது. மற்றது விற்பனைக்காரர்களுடையது. இரு கூட்டமும் ரம்பத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. ரம்பத்தைப் பிடிக்கும் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கையின் பக்கம் நின்று நாம் பேசியாக வேண்டும்.

பால் வெட்டுகிறவர்களுக்கும் கிராணிமார்களுக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் மறுநடவுக்கு வந்துவிடுகிறது. நாம் பால் வெட்டிய அதே நிரையில்தான் ரம்பம் இறங்குகிறது. பெரிய தோட்டங்களில் மண்வாரி இயந்திரம் மரத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. கிளை கழிப்பதும் துண்டு போடுவதும் சங்கிலி ரம்பத்தின் வேலை. சிறு தோட்டங்களில் சாய்ப்பதும் அதுவே. பால்வெட்டு நின்ற தீம்பாரிலிருந்து வெளிக்காட்டு வேலைக்குப் போகிற நம் ஆள்களும், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்களும் அந்த ரம்பத்தைப் பிடிக்கிறார்கள். அதற்கான கணக்கை எழுதுகிறவர் கிராணி. ஆகவே இது நம் எல்லாருடைய வழக்கு.

முதலில் பெட்ரோல் ரம்பத்தின் கணக்கைப் பார்ப்போம்.

அதில் இருப்பது இரண்டடி இயந்திரம். பெட்ரோலும் எண்ணெயும் கலந்து ஊற்றுகிறோம். ஊற்றுவது முழுதும் எரிவதில்லை. கணிசமான பங்கு எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. கரியமில நச்சான கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் தரும் பென்சீனும் அதில் உண்டு. புகைக்குழாய்க்கும் அறுப்பவர் மூக்குக்கும் இடையே ஒரு முழம் தூரம். காற்றோட்டமில்லாத பள்ளத்தில், மரங்களுக்கிடையே குனிந்து அறுக்கும்போது அந்தப் புகைக்குப் போக வேறு இடமில்லை, நெஞ்சுக்குள்தான் போகிறது.

அடுத்தது இரைச்சல். 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள் இந்நாட்டில் 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்தன. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. அப்படியானால் 100 டெசிபல் இரைச்சலில் ஒரு மனிதனின் முழு நாள் பங்கு 15 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது! பெட்ரோல் ரம்பம் அறுக்கும்போது அறுப்பவர் காதில் விழுவது சாதாரணமாக 100 டெசிபலுக்கும் மேல். காதுக் கவசம் இல்லாமல் காலை முதல் மாலை வரை அறுப்பவரின் செவி என்ன ஆகும்? மகன் கூப்பிட்டால் கேட்காது. பின்னால் மரம் சாய்கிறது என்று கூவினாலும் கேட்காது.

மூன்றாவது அதிர்வு. இதுதான் கண்ணுக்குத் தெரியாமல் கையைத் தின்பது. ஜப்பானின் அரசாங்கக் காடுகளில் சங்கிலி ரம்பம் பரவிய சில ஆண்டுகளிலேயே மரவெட்டிகளின் விரல்கள் வெளுத்து உணர்விழந்தன. 1960களில் அங்கே தொழிற்சங்கம் இதை விடாமல் பேசியது. அந்தப் பத்தாண்டின் முடிவில், ஒருவர் ஒரு நாளுக்கு 2 மணி நேரமே ரம்பம் பிடிக்கலாம் என்ற வரையறை வந்தது. பிரிட்டன் இந்த விரல் நோயை 1985இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம்முடைய வெப்ப நாட்டில் விரல் அத்தனை வெளுப்பதில்லை. அதனால் நோய் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு அது மரமரப்பாகவும் ஊசி குத்துவதாகவும் பிடி தளர்வதாகவும் வருகிறது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவி, மரத்தின் உயிர்த்தோலில் காயம் படாமல் பாலை இறக்குகிற கை இது. இந்தக் கை மரத்துப் போனால் ரம்பத்தோடு பால் கத்தியும் போயிற்று. இரண்டு பிழைப்பும் ஒன்றாகப் போயிற்று.

இந்த மூன்று செலவும் எந்தப் பேரேட்டில் ஏறுகின்றன? பெட்ரோலுக்கு ஒரு பத்தி உண்டு. சங்கிலிக்கு ஒரு பத்தி உண்டு. லாரி வாடகைக்கு ஒரு பத்தி உண்டு. மனிதனின் நுரையீரலுக்கும் காதுக்கும் விரலுக்கும் பத்தி இல்லை. பத்தி இல்லாததால்தான் “பெட்ரோல் ரம்பம் மலிவு” என்று சொல்ல முடிகிறது.

பேட்டரி ரம்பத்தில் புகை இல்லை. இரைச்சல் குறைவு. அதிர்வு பெரும்பாலும் குறைவு. கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டியதில்லை. அறுக்காத நேரத்தில் வீணாக உறுமிக்கொண்டும் இராது. மின்சார ரம்பம் என்பதே புதிதும் அன்று. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டில் 1926இல் முதலில் செய்தது மின்சார ரம்பந்தான். அவருடைய பெட்ரோல் ரம்பம் 1929இல் பின்னால் வந்தது. காட்டுக்குள் மின்கம்பியை இழுத்துச் செல்ல முடியாததால் பெட்ரோல் வென்றது. இன்று லித்தியம் பேட்டரி அந்தக் கம்பியை அறுத்துவிட்டது.

ஆனால் விற்பனைக்காரர் சொல்வதையெல்லாம் நாம் விழுங்க வேண்டியதில்லை. கிராணிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இரண்டடி இயந்திரம் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் ஏறத்தாழ 1.8 கிலோவாட்-மணி சங்கிலிக்குப் போகிறது. ரம்பத்தில் செருகும் பெரிய பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 0.3 கிலோவாட்-மணி. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஆறு பேட்டரிக்குக் குறையாமல் வேண்டும். நாள் முழுதும் பருத்த அடிமரம் அறுப்பவர் சில லிட்டர் எரிப்பார். அத்தனை பேட்டரிகளை யார் சுமப்பது? மின்சாரமே இல்லாத தீம்பாரில் எங்கே மின்னேற்றுவது? வெயிலில் காய்ந்து சூடேறிய பேட்டரி ஆறும் வரை மின்னேறவும் மறுக்கும்.

ஆகவே நாம் தெளிவாகச் சொல்கிறோம். கிளை கழிக்கவும், சிறு மரம் அறுக்கவும், லயத்துப் பக்கத்திலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலும் சாய்ந்த மரத்தை வெட்டவும், மரத்தில் ஏறி நின்று அறுக்கவும் பேட்டரி ரம்பமே தக்கது. நாளெல்லாம் அடிமரம் துண்டு போடும் வேலைக்கு இன்னும் பெட்ரோல் ரம்பம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024ஆம் ஆண்டு மாடலிலிருந்து புதிய சிறு இயந்திரங்கள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்றது. அங்குங்கூட 45 கன சென்டிமீட்டரும் அதற்கு மேலும் கொள்ளளவு உள்ள சங்கிலி ரம்பங்கள், விவசாய, கட்டுமானக் கருவிகள் என்ற முறையில் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவையாதலால், அந்த விதிக்கு வெளியே நின்றன.

இனி உண்மையான வழக்குக்கு வருவோம். கிளை கழிக்கும் வேலைக்குப் பேட்டரி ரம்பம் நல்லது என்று தெரிந்தும், அது ஏன் நம் ஆள்களின் கைக்கு வரவில்லை?

காரணம் இரண்டு. முதலாவது, குத்தகை வேலையில் பெரும்பாலும் ரம்பம் அறுப்பவருடையது. எண்ணெயும் சங்கிலியும் அவர் செலவு. இல்லையேல் குத்தகைக்காரர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூலியில் பிடித்துக்கொள்கிறார். பேட்டரி ரம்பத்துக்கு முதலில் போடும் பணம் அதிகம். ரம்பம் ஒன்று, மாற்றுப் பேட்டரிகள், மின்னேற்றி என்று அடுக்கினால், அன்றாடங்காய்ச்சி எங்கே போவார்? யானையை அவர் தலையில் கட்டிவிட்டு, அங்குசத்துக்கும் அவரிடமே காசு கேட்பது என்ன நியாயம்?

இரண்டாவது, கூலி டன் கணக்கில். ரப்பர் மரத்துண்டு சில நாளில் நீலம் பாய்ந்து கெட்டுவிடும், பூச்சியும் துளைக்கும். அதனால் மில்காரர் குத்தகைக்காரரை விரட்டுகிறார். குத்தகைக்காரர் அறுப்பவரை விரட்டுகிறார். அறுப்பவர் யாரை விரட்டுவது? தம் உடம்பைத்தான். பேட்டரி மாற்றுகிற நேரத்துக்குக் கூலி இல்லை. சங்கிலியைக் கூர் தீட்டும் நேரத்துக்குக் கூலி இல்லை. கை ஓய்கிற நேரத்துக்கும் கூலி இல்லை. அப்போது அவர் எந்த ரம்பத்தை எடுப்பார்? நிற்காமல் ஓடுகிறதைத்தான் எடுப்பார். மழுங்கிய சங்கிலியோடும் அறுப்பார். மழுங்கிய சங்கிலி எந்த ரம்பத்திலும் கையை உலுக்கும். “அவனே பெட்ரோல் ரம்பத்தைத்தான் கேட்கிறான்” என்று பிறகு நிர்வாகம் சொல்லும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? டன் கணக்கு எய்கிறது; ரம்பம் வெறும் அம்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத்தையும் தொடக்கத்திலிருந்தே தழுவுகிறது. அதன் 26ஆவது பிரிவு, அந்தச் சட்டப்படி செய்து கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. காதுக் கவசத்துக்கும் காலணிக்கும் கூலியில் பிடிப்பது இந்தப் பிரிவுக்கு நேர் விரோதம். 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த விதிகள், குத்தகைக்காரரை வைத்து வேலை வாங்கும் மூல முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்கின்றன. உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்புகிற தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால், வேலையிடத்தை விட்டு விலகலாம் என்றும் சொல்கின்றன. “அது குத்தகைக்காரர் விஷயம்” என்று தோட்டத்து ஆபீஸ் கை கழுவிய காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. கிராணிமார்களே, பிடித்தச் சீட்டு உங்கள் மேசைக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்!

மற்றோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்று எண்ணாதீர்கள். சங்கிலி அதே சங்கிலி. ரம்பத்தின் முனை மரத்தில் தட்டினால் அது முகத்தை நோக்கித் துள்ளும். பெட்ரோலா பேட்டரியா என்று பார்க்காது. பெட்ரோல் ரம்பம் உறுமிக்கொண்டு தன் இருப்பைச் சொல்கிறது. பேட்டரி ரம்பம் ஊமையாக இருந்து, விசையில் விரல் பட்டதும் பாய்கிறது. கூர் தீட்டுமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். காதுக் கவசம் இதற்கும் வேண்டும். அறுக்கும்போது பல பேட்டரி ரம்பங்களும் 85 டெசிபலைத் தாண்டுகின்றன. பயிற்சி கொடுக்காமல் ரம்பத்தை மட்டும் கொடுப்பது உதவி ஆகாது.

நம் கோரிக்கைகள் இவை:

1. கிளை கழித்தல் போன்ற இலகு வேலைக்கும், மரமேறி அறுக்கும் வேலைக்கும் நிர்வாகமே பேட்டரி ரம்பம் தர வேண்டும்.

2. பெட்ரோல் ரம்பம் தவிர்க்க முடியாத இடத்தில், அதிர்வு தாங்கியும் சங்கிலித் தடையும் உள்ள நல்ல ரம்பம் வேண்டும். ஒரே ஆள் நாளெல்லாம் பிடிக்காமல் முறை வைத்து மாற்ற வேண்டும்.

3. ரம்பம், பேட்டரி, மின்னேற்றி, சங்கிலி, எண்ணெய், கவசம் எதற்கும் கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

4. பேட்டரி மாற்றும் நேரமும் கூர் தீட்டும் நேரமும் ஓய்வும் வேலை நேரமாகும். டன் கணக்கு எதுவானாலும், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி மாதச் சம்பளத்துக்குக் கீழே எவர் சம்பளமும் இறங்கக் கூடாது.

5. ரம்பம் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி, செவிச் சோதனை, கைச் சோதனை, சொக்சோ பதிவு வேண்டும். 2019 முதல் அந்நியத் தொழிலாளிக்கும் சொக்சோவில் இடம் உண்டு. “குத்தகை ஆள்” என்று பெயர் மாற்றி எவரையும் வெளியே தள்ளக் கூடாது.

இவை பெரிய ஆசைகளா? பால் கத்தியும் வாளியும் தோட்டத்துச் செலவு என்றால், ரம்பமும் பேட்டரியும் ஏன் ஆகாது? ஜப்பானியக் காட்டுத் தொழிலாளிக்கு 2 மணி நேர வரையறையைப் புதிய இயந்திரம் கொண்டுவந்து தரவில்லை. சங்கம் கேட்டது, விடாமல் கேட்டது, வாங்கிற்று.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். உங்கள் தீம்பாரில் ரம்பம் யாருடையது, எண்ணெய் யார் செலவு, கூலியில் என்ன பிடிக்கிறார்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். வெளிநாட்டுத் தோழர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கையும் நம் கையே. எழுதிய கணக்கு மேசைமேல் இருக்கும்போது எந்தத் துரையும் “தெரியாது” என்று சொல்ல முடியாது.

புகை போகட்டும். அதோடு பிடித்தமும் போகட்டும்!