ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்பவர்கள்

மாதத்தின் நடுவில் ஒரு நாள் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்து விழுகிறது. அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் ஐந்தாறு கணக்குகள் நேராகின்றன. மளிகைக் கடை நோட்டில் ஒரு பக்கம் அடிக்கப்படுகிறது. குழுக் கடனின் வாரத் தவணைக்காகப் பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று திரும்பிப் போகிறது. மாமியாருக்குத் தீர்ந்துபோன மாத்திரை வருகிறது. பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, காவிரி டெல்டாவின் ஒரு கூலிக்காரர் வீட்டில் செய்கிற வேலை இவ்வளவுதான். ஆனால் நடவும் களையும் முடிந்து, அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த வீட்டுக்குத் தேதி சொல்லி வருகிற காசு வேறு எதுவும் கிடையாது.

தொகையைவிடத் தேதிதான் முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். என்றைக்குக் காசு வரும் என்று தெரிந்தவருக்கே கடைக்காரர் கடன் எழுதுவார். சீட்டில் ஆள் சேர்க்கும்போதும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாதம் ஆயிரம் கட்டி, தன் முறை வரும்போது மொத்தமாக எடுத்து ஒரு வெள்ளாடோ தையல் இயந்திரமோ வாங்குகிற பெண்ணுக்குப் பொருளாதாரம் கற்றுக்கொடுக்க யாரும் வேண்டியதில்லை. மறுபக்கமும் உண்டு. இருபதாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் ஆயிரம். அரசு போடும் பணம் அப்படியே வட்டிக்காரர் பைக்குப் போகிற வீடுகளும் நம் ஊர்களில் இருக்கின்றன. அங்கே இந்தத் தொகை வீட்டை நிமிர்த்தவில்லை; மேலும் குனியாமல் பிடித்து நிறுத்துகிறது. அதையும் சின்ன உதவி என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இந்தப் பணத்தின் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று, டீக்கடை பெஞ்சிலும் வயல் வரப்பிலும் கேட்பது: "ஆயிரத்தை வாங்கிட்டு எவளும் வேலைக்கு வர மாட்டேங்கறா." நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய். அதை நம்பி ஒரு பெண் வயலுக்கு வர மறுக்கிறாள் என்றால், நாம் கொடுக்கும் கூலியைப் பற்றி அவள் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள் என்று பொருள். அந்தத் தீர்ப்பில் நமக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

அடுத்தது, பணமாகக் கொடுத்தால் குடியில் போய்விடும் என்பது. இதைப் போதிய அளவு சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2011இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் பகுதியில் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் நிதியுதவியுடன் எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் மாதப் பணம் கொடுத்தது. பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100. ஓர் ஆண்டு கழித்து அது 300, 150 ஆயிற்று. எந்த நிபந்தனையும் இல்லை. பணம் கிடைக்காத பன்னிரண்டு ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடி கூடவில்லை. குழந்தைகளின் தட்டில் சாப்பாடு மேம்பட்டது, பள்ளிக்குப் போகிற பெண் பிள்ளைகள் கூடினார்கள், வீட்டில் ஆடு மாடு சேர்ந்தது. பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்களில் பலர் தங்கள் துண்டு நிலத்தில் பாடுபடத் தொடங்கினார்கள். அதாவது வேலை குறையவில்லை, யாருக்காக வேலை என்பது மாறியது. வரப்பில் நின்று புலம்புகிறவர்களை உறுத்துவது ஒருவேளை இதுதானோ என்னவோ.

கென்யாவின் சியாயா மாவட்டத்தில் கிவ்டைரெக்ட்லி என்ற அமைப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, ஒரு குடும்பத்துக்குச் சுமார் ஆயிரம் டாலர் என்று கைப்பேசி வழியே அனுப்பியது. எட்வர்ட் மிகேல் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 653 கிராமங்களில் கணக்கெடுத்தபோது, கொடுத்த ஒரு டாலர் ஊருக்குள் சுற்றி ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்கு வருமானத்தை உண்டாக்கியிருந்தது. பணம் கிடைக்காத அக்கம்பக்கத்து வீடுகளும் பயன் பெற்றன. விலைவாசியோ பெயருக்குத்தான் ஏறியது. நம் ஊர் மளிகைக் கடைக்காரருக்கு இதில் வியக்க எதுவும் இல்லை. ஏழையின் பணம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நாலு கை மாறும் என்பது அவருக்கு வியாபாரப் பாடம்.

ஆகவே பணமாகக் கொடுப்பது சரி. இதில் இழுத்தடிக்க ஒன்றுமில்லை. 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். திட்டம் தொடங்கும்போது சேர்க்கப்பட்டவர்கள் சுமார் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். அப்போதைய ஆண்டுச் செலவு பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கோடி. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு நிறுவன வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். மிச்சமான அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று எந்த முதலாளியின் சமையலறையிலும் போய் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கொடுக்கிற அரசுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது; அது அவ்வளவு இனிப்பானதல்ல. குடி என்ற சொல்லை எடுத்துவிட்டோம், அதிலிருந்தே தொடங்கலாம். 2023-24இல் டாஸ்மாக் மதுக்கடைகள் வழியாக அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். மனைவியின் கணக்கில் போடுவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், பெரும்பாலும் கணவன்மாரின் சட்டைப் பையிலிருந்து அரசே எடுக்கிறது. இதை வைத்துக்கொண்டு எந்த அமைச்சரும் மேடையில் அண்ணன் வேடம் போட வேண்டாம்.

பெயரில் 'உரிமை' இருக்கிறது. வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கு இது அங்கீகாரம் என்றும் சொல்லப்பட்டது. நல்ல சொல்தான். ஆனால் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, மின்சாரம் 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று சலித்தபோது, வந்த ஒரு கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் வெளியே நின்றன. ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிகிற கூட்டு வீட்டில் யாருடைய யூனிட் யாருடையது? உழைப்புக்கான அங்கீகாரத்தை மின் மீட்டர் எப்படி அளக்கும்? இதற்குப் பதில் தேடித்தான் பெண்கள் இ-சேவை மையங்களில் வரிசை கட்டினார்கள். தவறாகத் தகுதி பெற்ற ஒருவரைவிட, தவறாக விலக்கப்பட்ட ஒருவர்தான் அரசின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும். விவசாயிகளுக்குப் பணம் போடும் பிரதமரின் கிசான் நிதியில் 2020இல் நம் வடமாவட்டங்களில் லட்சக்கணக்கான போலிப் பெயர்கள் நுழைந்தது வெட்கக்கேடு; ஆனால் அதே திட்டம் பட்டா இல்லாத குத்தகை விவசாயியைத் தொடக்கம் முதலே வாசலில் நிறுத்திவைத்திருந்தது. அதை முறைகேடு என்று யாரும் எழுதவில்லை.

வங்கிகளைச் சொல்லாமல் விட முடியாது. உரிமைத் தொகை கணக்கில் விழுந்த முதல் மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் கைவைத்தன. அரசே கண்டிக்க வேண்டியிருந்தது. இல்லாதவரிடம் இல்லை என்பதற்காகவே அபராதம் வாங்குவதை வேறு எந்தத் தொழிலிலும் வழிப்பறி என்போம்.

இதைவிடப் பெரிய பாவம், உழைத்த கூலியைப் பிடித்துவைப்பது. நூறு நாள் வேலைச் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி என்றது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு வைத்திருந்த நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. வெயிலில் வாய்க்கால் வெட்டியவர்கள் மாதக்கணக்கில் வங்கி வாசலுக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் நடந்தார்கள். அந்த மாதங்களில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது உரிமைத் தொகையால்தான். கூலி வராத இடத்தில் உதவித்தொகை சோறு போட்டது என்பதைச் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள இரண்டு அரசுகளுக்கும் யோக்கியதை இல்லை.

நாம் கேட்பது கொஞ்சம்தான். தொகையைச் சட்டமாக்கி, விலைவாசியோடு ஏறும்படி கட்டுங்கள். 2021 தேர்தல் அறிக்கையில் எழுதிய ஆயிரம், 2023இல் கைக்கு வந்தபோதே தேய்ந்திருந்தது. மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தமிழில், ஊர்ப்பெயர் போட்டு, காகிதத்தில் கொடுங்கள். தேர்தல் ஆண்டில் மட்டும் அவர்களைத் தேடிப் போகாதீர்கள். டெல்லிக்கும் ஒன்று: அறுபது வயது ஏழைக்கு ஒன்றிய அரசின் பங்காகத் தரும் ஓய்வூதியம் மாதம் 200 ரூபாய். 2007இலும் அது 200 ரூபாய்தான். அப்போது அறுபத்தைந்து வயதில் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கத் தொடங்கிய கிழவி இன்று உயிரோடிருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பாள்; எண்பதுக்கு அப்புறம் 500 ரூபாய் உண்டு.