இந்தியப் பொது வான்பறப்புச் சங்கங்கள்

பொது வான்பறப்பு என்பது படைத்துறை, பயணிகள் விமான நிறுவனங்கள் ஆகியவற்றின் சேவைகள் நீங்கலாக, பயிற்சி, தனியார் பயணம் முதலியவற்றுக்கான பறப்புகளைக் குறிக்கும். இந்தியாவில் இத்துறையின் தொடக்ககால அமைப்பு, 1927 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இன்று ஏரோ கிளப் ஆப் இந்தியா என அழைக்கப்படும் கழகம் ஆகும். 1929 பிப்ரவரி 10 இல் ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு முதலாம் எண் விமானி உரிமத்தை வழங்கியது இக்கழகமே. மீனம்பாக்கத்தில் இயங்கிய சென்னைப் பறப்புக் கழகம் போன்றவை பயிற்சியளித்தன.

பின்னர் உரிமம் வழங்கும் அதிகாரம் அரசின் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் சேர்ந்தது. தனியார் பயிற்சிப் பள்ளிகளும் பெருகின. வணிக வானூர்தி இயக்குவோர் 2011 இல் தனிச் சங்கம் அமைத்தனர். ஏரோ கிளப் வான் விளையாட்டுகளின் தேசிய அமைப்பாகத் தொடர்கிறது. உறுப்பினருக்கு இன்றியமையாத பணி கைவிட்டுப் போகும்போது, அவர்களுக்காக அரசிடம் பேசும் வலுவும் குறைகிறது என்பதற்கு இவ்வரலாறு எடுத்துக்காட்டு ஆகும்.