டீசல் விலையைக் கணிக்க முடியுமா? கச்சா எண்ணெய் ஒரு கணக்கு, பங்க் போர்டு வேறு கணக்கு

நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர் அடுத்த ஆறு மாதத்துக்கு லோடு வாடகை பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும் செலவில் பெரும்பங்கு டீசல்தான். ஆறு மாதம் கழித்து லிட்டர் என்ன விலை? அவர் போடும் மனக்கணக்கு தப்பினால் நஷ்டம் அவர் தலையில். விசைப்படகு வைத்திருப்பவருக்கும், வாடகை டிராக்டரில் உழவு ஓட்டுபவருக்கும் இதே கதைதான்.

சரி, இதைக் கணிக்க ஆளே இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் எரிசக்தி தகவல் நிர்வாகம், பாரிஸில் இருக்கும் சர்வதேச எரிசக்தி முகமை, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் என மூன்று தரப்பும் மாதம் தவறாமல் அறிக்கை விடுகின்றன.

கணிப்பு ஏன் சறுக்குகிறது?

அடிப்படைக் கணக்கு சிம்பிள்தான். உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பேரல் எண்ணெய் செலவழிக்கிறது. ஒரு பேரல் என்பது 159 லிட்டர். உற்பத்தி இதைவிடக் கூடினால் சேமிப்புத் தொட்டிகள் நிரம்பும், விலை இறங்கும். குறைந்தால் ஏறும்.

சிக்கல் எங்கே? விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் நாளைக்கே லாரியை நிறுத்திவிட முடியாது. அதனால், ஓரிரு சதவீதப் பற்றாக்குறை வந்தாலே விலை பல மடங்கு வேகத்தில் எகிறும். அந்த ஓரிரு சதவீதத்தில்தான் கணிப்பாளர்களும் தடுமாறுகிறார்கள்.

2024-ல் எண்ணெய்த் தேவை நாளொன்றுக்குச் சுமார் 22 லட்சம் பேரல் கூடும் என்றது ஒபெக். சர்வதேச எரிசக்தி முகமை சொன்னதோ ஏறக்குறைய அதில் பாதி. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு தரப்புமே எண்ணைக் குறைத்துக்கொண்டன.

பழைய கதையும் இதேதான். 2008 மே மாதம் பேரல் 200 டாலரைத் தொடலாம் என்று கோல்ட்மேன் சாக்ஸ் சொன்னது. ஜூலையில் 147 டாலர் வரை போன விலை, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்த விலை மைனஸ் 37 டாலருக்குப் போனது.

இன்னொரு விஷயமும் உண்டு. கச்சா எண்ணெயும் டீசலும் ஒன்றல்ல. நடுவில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2022-ல் ரஷ்ய டீசலை நம்பியிருந்த ஐரோப்பா தவித்தபோது, கச்சா விலையைவிட வேகமாக டீசல் விலை ஏறியது.

இந்தியாவில் கதையே வேறு

தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், பேரலுக்கு 10 டாலர் கூடும்போது லிட்டருக்குச் சுமார் 5.35 ரூபாய் கூட வேண்டும். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை நிர்ணயம். பேப்பரில் எல்லாம் சந்தை விலைதான்.

நடப்பு? 2021 நவம்பர் 4-க்குப் பிறகு 137 நாட்கள் விலை அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்தன. உக்ரைன் போர் தொடங்கி பிரென்ட் எண்ணெய் 139 டாலரைத் தொட்டதும் அப்போதுதான். தேர்தல் முடிவு வந்த பிறகு, மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 14 முறை ஏற்றி, மொத்தம் 10 ரூபாய் கூட்டினார்கள்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 2020-ல் கச்சா விலை சரிந்தபோது மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் 13 ரூபாய் என ஏற்றியது. அதே மே மாதம் தமிழ்நாடு அரசும் வாட் வரியை 11 சதவீதம் பிளஸ் லிட்டருக்கு 9.62 ரூபாய் என மாற்றியது. இப்படி ரூபாயாக நிலைத்து நிற்கும் வரி, கச்சா விலை எவ்வளவு விழுந்தாலும் குறையாது.

நிலையான விலை நல்லதுதானே?

நல்லதுதான். 139 டாலர் அதிர்ச்சி அப்படியே பங்க்குக்கு வந்திருந்தால் காய்கறி விலைவரை எகிறியிருக்கும். அந்தச் சுமையில் ஒரு பகுதியை எண்ணெய் நிறுவனங்கள் தாங்கின என்பதும் உண்மை. ஆனால் 2023-24 நிதியாண்டில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் லாபம் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய். வாடிக்கையாளருக்குக் கிடைத்தது, மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாளான 2024 மார்ச் 15 அன்று லிட்டருக்கு 2 ரூபாய் குறைப்பு.

பிரச்சினை விலையை நிறுத்தி வைப்பதில் இல்லை. எந்த விதியின்படி நிறுத்துகிறார்கள், எப்போது விடுவார்கள் என்று சொல்லாததில்தான் இருக்கிறது. டெல்லி விலையில் அடிப்படை விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்ற பிரிப்பு வெளியாகிறது. அந்த அடிப்படை விலை ஏன் ஏறவில்லை, ஏன் இறங்கவில்லை என்பதற்கு மட்டும் விளக்கம் இல்லை.

கேட்க வேண்டியது ரொம்பப் பெரிய விஷயமில்லை. பேரல் இன்ன விலைக்கு மேல் போனால் கலால் வரி இவ்வளவு குறையும், இன்ன விலைக்குக் கீழே வந்தால் நிறுவனங்களின் பழைய நஷ்டம் இத்தனை மாதத்தில் ஈடுகட்டப்படும், அதன் பிறகு லாபம் வாடிக்கையாளருக்கு. இதை முன்கூட்டியே எழுதி வெளியிட்டால் போதும். உலகச் சந்தையின் கணிப்பு அப்போதும் தப்பலாம். ஆனால் அது தப்பினால் தனக்கு என்ன ஆகும் என்பதாவது லாரி உரிமையாளருக்கு முன்பே தெரியும்.

இப்போதைக்கு அவர் பிரென்ட் விலையோடு சேர்த்து, தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பையும் பார்த்துத்தான் வாடகை பேச வேண்டியிருக்கிறது.