40 பைசா நகலும் 60 லட்ச ரூபாய் நஷ்டஈடும்

"எங்கள் சொத்தைத் திருடுகிறார்கள்!" என்று புத்தக முதலாளிகள் ஊர் ஊராக ஒப்பாரி வைத்து வருகிறார்கள். திருடியது யார், பறிகொடுத்தது யார் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம், தோழர்களே.

டில்லி சர்வகலாசாலையின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற பெயரில் ஒரு சின்ன நகல் கடை. இந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் இருபது பக்கம் என்று ஆசிரியர்கள் பாடத்துக்குக் குறித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் அவற்றை நகல் எடுத்து ஒரே கட்டாகக் கட்டித் தருவார். பக்கத்துக்கு 40 பைசா என்பது சர்வகலாசாலையோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு அத்தியாயத்துக்காக முழுப் புத்தகத்தை எந்த மாணவன் வாங்குவான்? பத்துப் பாடத்துக்குப் பத்துப் புத்தகம் வாங்க, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கடை மீதும் சர்வகலாசாலை மீதும் 2012ல் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். போட்டவர்கள் யார்? ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ்! உலகமெங்கும் கடை விரித்திருக்கும் மூன்று பெரும் பிரசுரக் கம்பெனிகள். கேட்ட நஷ்டஈடு 60 லட்ச ரூபாய். அந்தத் தொகையை 40 பைசாவால் வகுத்துப் பாருங்கள், ஒன்றரைக் கோடிப் பக்கம் வரும்! அந்தக் கடைக்காரர் ஆயுள் முழுவதும் யந்திரத்தின் முன் நின்றாலும் தீருமா?

"எழுத்தாளன் வயிற்றில் அடிக்கலாமா?" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். எழுத்தாளர்களே அதற்குப் பதில் சொன்னார்கள். எந்தப் புத்தகங்களைக் காட்டி வழக்குப் போட்டார்களோ, அவற்றை எழுதியவர்களில் பலரும் உலகப் பேராசிரியர்கள் நூற்றுக்கணக்கானோரும் வழக்கைக் கைவிடும்படி கடிதம் எழுதினார்கள். அமர்த்தியா சென்னும் தம் கண்டனத்தைத் தெரிவித்தார். உழைத்து எழுதியவன் "படிக்கட்டும்" என்கிறான்; அச்சுப் போட்டு விற்பவன் "கூடாது" என்கிறான். நெல் விளைவித்தவனுக்கும் மண்டிக்காரனுக்கும் உள்ள வித்தியாசந்தான் இது!

2016 செப்டம்பர் 16ல் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை ஆண்டவன் கொடுத்த உரிமையுமல்ல, இயற்கை உரிமையுமல்ல என்று தீர்ப்பில் எழுதினார். ஒரு காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து கையால் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார்கள். அது குற்றமில்லையென்றால், அதையே யந்திரம் செய்வது எப்படிக் குற்றம் என்றும் கேட்டார். (நானும் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கையில் அடுத்த தெருப் பையனின் நோட்ஸை இரவல் வாங்கி இரண்டு இரவில் எழுதி முடித்தவன்தான். விரல் வீங்கியது இன்னும் நினைவிருக்கிறது.)

கம்பெனிகள் அப்பீல் செய்தன. டிசம்பரில் இரு நீதிபதிகள் சில விஷயங்களை மீண்டும் விசாரிக்கச் சொன்னாலும், போதனைக்குத் தேவையான அளவு நகல் எடுக்கலாம், இத்தனை பக்கந்தான் என்ற வரம்பு சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2017 மார்ச்சில் கம்பெனிகள் வழக்கை வாபஸ் பெற்று நடையைக் கட்டின. தானாக வந்த வெற்றியல்ல இது. மாணவர்கள் சங்கம் அமைத்து, வழக்கில் தாங்களும் ஒரு கட்சியாக நுழைந்து வாதாடினார்கள்.

"திருட்டு" பற்றி இவர்கள் பேசுவதுதான் வேடிக்கை! 19ம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாவல்களை அமெரிக்க அச்சகங்கள் ஒரு காசு கொடுக்காமல் அச்சிட்டுக் குவித்தன. 1842ல் அங்கே போன சார்லஸ் டிக்கன்ஸ் நியாயம் கேட்டுப் புலம்பியும் பலனில்லை. 1891 வரை அந்நிய எழுத்தாளனுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பே கிடையாது. 1886ல் ஏற்பட்ட பெர்ன் ஒப்பந்தத்தில் 1989ல்தான் அமெரிக்கா சேர்ந்தது. தான் வளரும்வரை மலிவுப் புத்தகம், வளர்ந்த பிறகு மற்றவனுக்குப் போலீஸ்! அடிமைத்தளையறுத்த நாடுகள், இந்தியா உள்பட, 1967ல் ஸ்டாக்ஹோமில் கல்விக்கான சலுகை கேட்டபோது பிரிட்டிஷ் பிரசுர முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். 1971ல் பாரிசில் அந்தச் சலுகை, எளிதில் பயன்படுத்த முடியாத நிபந்தனைகளுக்குள் முடக்கப்பட்டது.

"இப்போதுதான் எல்லாம் செல்போனிலேயே வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருப்பது என்ன? காகிதப் புத்தகத்தை வாங்கினால் அது நம்முடையது; படித்துவிட்டு ஷிப்டு மாறும்போது அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். மின்புத்தகத்தை அவர்கள் விற்பதில்லை, அனுமதிதான் தருகிறார்கள். 2009ல் அமேசான் கம்பெனி, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 1984 நாவலின் ஒரு பதிப்பை, காசு கொடுத்தவர்களின் கருவியிலிருந்தே இரவோடு இரவாக அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம்! கடைக்காரன் ராத்திரி வீடு புகுந்து அலமாரியைத் துழாவினால் அதற்கு என்ன பெயர்? ஹார்ப்பர் காலின்ஸ் 2011ல் நூலகங்களுக்கு விதித்த விதி இன்னும் விசேஷம்: மின்புத்தகத்தை 26 தடவை இரவல் கொடுத்ததும் அது தீர்ந்துபோகும், மறுபடி பணம் கட்டவேண்டும். கிழியாத புத்தகத்தைக் கிழிந்துபோனதாகக் கணக்கு எழுதும் சாமர்த்தியம் முதலாளிக்குத்தான் வரும்.

விஞ்ஞானப் பத்திரிகைகள் விஷயத்தில் கொள்ளை இரட்டிப்பு. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பொதுப் பணம். கட்டுரை எழுதுபவருக்குப் பத்திரிகை சம்பளம் தருவதில்லை, சரிபார்ப்பவருக்கும் பொதுவாகத் தருவதில்லை. எல்சவியர் போன்ற கம்பெனிக்கோ நூறு ரூபாய் வரவில் முப்பதுக்கு மேல் லாபம்! கட்டுரைகளை இலவசமாகத் தந்த சைஹப் தளத்தின் மீது 2020ல் எல்சவியர், வைலி, அமெரிக்க ரசாயனச் சங்கம் மூன்றும் அதே டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவு வந்தது.

இதற்கிடையே 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் இக்கம்பெனிகளின் பத்திரிகைகளுக்கு மூன்றாண்டுச் சந்தாவாக 6000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசாங்கக் கல்லூரியில் படிப்பவனுக்காவது கிடைக்கிறதே என்பது சரிதான். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு முதல் கட்டத்தில் இடமில்லை. மூன்றாண்டு முடிந்ததும் கம்பெனிக்காரன் என்ன விலை சொல்வான்? நம் விஞ்ஞானிகள் எழுதியதை நமக்கே விற்ற விலை இது. சொந்தமாகத் திறந்த பத்திரிகைகள் நடத்த இதில் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று சர்க்கார் கணக்குச் சொல்லட்டும்.