ஏப்பத்திற்கு வரி

டென்மார்க் தேசத்தில் மாடுகள் விடுகிற ஏப்பத்திற்கு வரி போடப்போகிறார்கள் என்ற சமாச்சாரம் 2024-இல் பத்திரிகைகளில் வெளியானபோது, அதை வாசித்துச் சிரிக்காதவர்கள் சொற்பம். நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான் என்பதை மறைப்பானேன்? தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை எழுப்பி, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வியாபாரம் செய்து, வரவு கட்டவில்லை என்று கண்டதும் 1845-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு அதை விற்றுவிட்டுப் போன அந்த ஜனங்கள் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர்கள்தாம். ஆனாலும் வாயில்லா ஜீவனின் வாயிலிருந்து வருவதற்கும் பேரேடு திறப்பார்கள் என்று யார் கண்டது!

சிரிப்பு அடங்கிய பிறகு விசாரித்தால், விஷயம் அப்படியொன்றும் பரிகாசத்துக்குரியதல்ல. தின்ற புல்லை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிற பிராணிகளின் முதல் இரைப்பையில் வாசம் செய்யும் நுண்ணுயிர்கள், நமக்கு ஜீரணமாகாத நாரையெல்லாம் உடைத்து மாட்டுக்கு ஆகாரமாக்கித் தரும்போது உண்டாகும் மீத்தேன் வாயு, பெரும்பாலும் ஏப்பமாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட அது சுமார் 28 மடங்கு உஷ்ணத்தைப் பூமியில் தேக்கிவைக்க வல்லது.

டென்மார்க்கின் அரசாங்கம் தொழுவத்தின் வாசலுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்தபோது, தன் எரிபொருள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயையே நம்பியிருந்த அந்நாட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவது தடைசெய்யப்பட்டு, ஜனங்கள் வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சைக்கிளில் உலாவினார்கள். பட்ட சூட்டை அவர்கள் மறக்கவில்லை. அணுசக்தி வேண்டாமென்று 1985-இல் பாராளுமன்றம் தீர்மானித்தது. 1991-இல் விண்டெபி என்னும் ஊரையடுத்த கடலில் 11 காற்றாலைகளை நட்டு, உலகத்தில் முதன்முதலாகக் கடற்காற்றைப் பண்ணை வைத்து அறுவடை செய்தார்கள். மறு வருஷம் கரியமில வாயுவுக்கு வரியும் வந்தது. இன்று அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றின் உபயம்.

காற்று யாருடைய பிதிரார்ஜிதமும் அல்லவாதலால் அந்தக் காரியம் ஒருவாறு நடந்தேறியது. நிலமும் மாடும் அப்படியல்லவே! தேசத்தின் பரப்பில் பாதிக்கு மேல் விளைநிலம். மனிதர்கள் சுமார் 60 லட்சம் என்றால் பன்றிகள் ஏறக்குறைய அதில் இரட்டிப்பு. வெண்ணெயும் பன்றி இறைச்சியும் விற்றே செழித்த சீமை அது. வெளிவிடும் வாயுக்களில், 1990-ஆம் ஆண்டின் அளவில் 70 சதவிகிதத்தை 2030-க்குள் குறைத்தாக வேண்டும் என்று 2020-இல் சட்டம் செய்துகொண்ட பிறகு, புகைபோக்கிகளைத் தாண்டிக் குடியானவனிடம் போகாமல் தீராது என்ற நிலை ஏற்பட்டது. இதே யோசனையை 2003-இல் எடுத்த நியூஸீலாந்து, குடியானவர்களின் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிட்டு, பின்னர் 2022-இல் மறுபடி எடுத்து, மறுபடியும் கைவிட்டதை நினைத்தால், டென்மார்க்கார் செய்த யுக்தியின் அருமை தெரியும். குடியானவர் சங்கத்தையும், அதனோடு ஜன்மப் பகையென்று சொல்லத்தக்க இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தையும், தொழிலாளர், முதலாளி, நகரசபைகளின் பிரதிநிதிகளையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, 2024 ஜூனில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

வரியின் விகிதம், வெளியேறும் வாயுவைக் கரியமில வாயுவுக்கு ஈடாகக் கணக்கிட்டு, 2030-இல் டன்னுக்கு 300 குரோனர், 2035-இல் 750. ஆனால் 60 சதவிகிதத் தள்ளுபடி உண்டாகையால், கட்ட வேண்டியது முறையே 120-ம் 300-ம்தான். இது வரியா, வரியின் நிழலா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தொகை பெரிதாகப் படவில்லை. தன் மாட்டின் மேல் விழும் வரிக்குக் குடியானவனே கையொப்பமிட்டான் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. எங்கள் பங்கு உலகத்தின் புகையில் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லையே, நாங்கள் பாலைக் குறைத்தால் அயல்நாட்டு மாடு அதைக் கறந்துகொள்ளாதா என்று அவன் முறையிடுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. அதற்குச் சரியான விடையை எந்த அமைச்சரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஏப்பத்தைவிட என் மனத்தைத் தொட்டது வேறொரு ஷரத்து. 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த யுத்தத்தில் தெற்குப் பிரதேசங்களைப் பறிகொடுத்த டென்மார்க், வெளியே இழந்ததை உள்ளேயே சம்பாதிப்போம் என்று வைராக்கியம் பூண்டு, எஞ்சிய தரிசுகளைத் திருத்தி, ஈர நிலங்களுக்கு வடிகால் வெட்டி, அங்குலம் அங்குலமாக வயலாக்கிக்கொண்டது. அப்படி வடிந்த கரிமண்தான் இன்று காற்றுப்பட்டு மக்கி வாயுவைக் கக்குகிறதாம். ஆகையால் 1,40,000 ஹெக்டேர் தாழ்நிலத்தை மீண்டும் நீருக்கே விட்டுவிடவும், 2,50,000 ஹெக்டேரில் காடு வளர்க்கவும் உடன்பட்டிருக்கிறார்கள். முப்பாட்டன் மண்வெட்டியோடு நின்று வெட்டிய வாய்க்காலை, கொள்ளுப்பேரன் அரசாங்கத்திடம் நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே தூர்க்க வேண்டும்.